நவம்பர் கண்காட்சியை மாணவர்களிடம் கொடுங்கள்

டர்பன் தமிழ் மன்றங்கள், கோயில் குழுக்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 16 நெருங்கும்போது நம் மண்டபங்களில் கண்காட்சி வைக்கிறோம். 1860இல் அதே நாளில் மதராசிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஏற்றிவந்த ட்ரூரோ கப்பலின் படம், கரும்பு வெட்டுகிறவர்களின் படம், ஓர் அம்மி, பித்தளைக் குடம், யாரோ ஒரு பாட்டி வீட்டுப் பழைய சேலை. குத்துவிளக்கேற்றி, பேச்சுகள் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக உள்ளே அனுப்புகிறோம். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே அவர்களுக்கு எந்த வேலையும் இல்லை.

வார நாட்களில் பள்ளியில் ஓவியமும், சனிக்கிழமைகளில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தமிழும் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன். இனி வரும் கண்காட்சியை மாணவர்களே உருவாக்கட்டும். எதை வைப்பது, எதை விடுவது, எதற்குப் பக்கத்தில் எது, சுவரில் என்ன எழுதுவது எல்லாவற்றையும் அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். இந்த நகரத்தில் இன்று வேலை செய்யும் ஓர் ஓவியரோ சிற்பியோ புகைப்படக் கலைஞரோ வருடத் தொடக்கத்திலிருந்தே அவர்களோடு உட்காரட்டும்.

கண்காட்சியில் எதை எங்கே வைப்பது என்று தேர்ந்து அமைக்கும் கியூரேட்டர் செய்வதும் ஆசிரியர் செய்வதும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பார், என்ன தோன்றுகிறது?" என்று கேட்பதில்தான் இரண்டும் தொடங்குகின்றன. கப்பலில் வந்தவர்களின் பதிவுப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தவர்கள் 152,184 பேர். எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் என்று அவர்களைப் பதிந்து வைத்தார்கள். உடலில் உள்ள தழும்பு, மச்சம் ஆகியவற்றுக்கும் தனியே ஒரு கட்டம் உண்டு. நாம் அதில் ஒரு பக்கத்தை நகலெடுத்துச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். யாரும் படிப்பதில்லை.

அதே பக்கத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து, உன் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடு என்று சொல்லிப் பாருங்கள். காதில் விழுந்தபடி எழுத்தர் எழுதிய ஊர்ப்பெயரோடு முதலில் மல்லுக்கட்டுவாள். அப்புறம் கேட்பாள், "தழும்பை ஏன் எழுதினார்கள்?" தப்பி ஓடினால் அடையாளம் காட்ட என்று அவளே கண்டுபிடிக்கும் நேரத்தில் ஓவியர் பக்கத்தில் இருக்க வேண்டும். பெயர்களை விட்டுவிட்டு அந்தத் தழும்புகளை மட்டும் ஒரு சுவர் முழுக்க வரையலாமா என்று அவர் கேட்கலாம். அதற்குப் பக்கத்தில், நிறவெறி ஆட்சியில் ஒரு ஜூலு தாத்தா சட்டைப்பையில் சுமந்து திரிந்த பாஸ் புத்தகத்தை, அதாவது கறுப்பின மக்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டியிருந்த நடமாட்ட அனுமதிப் புத்தகத்தை, வைக்கலாமா என்று அவள் கேட்கலாம். எதிர்ச் சுவரில், 1960களில் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து நிறவெறி ஆட்சியால் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்ட நம் குடும்பங்களின் படங்கள். இப்படி ஒரு சுவரைக் கட்டிய பிள்ளைக்கு வரலாற்றைத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதற்கு நம் நாட்டிலேயே முன்னோடிகள் இருக்கிறார்கள். டர்பனில் பிறந்த ஓமர் பாட்ஷா தாமே படம் எடுத்தார். தென்னாப்பிரிக்க வறுமையைப் பற்றி நடந்த இரண்டாம் கார்னெகி விசாரணை என்ற ஆய்வுக்காக 20 புகைப்படக்காரர்களின் படங்களை ஒன்றுசேர்த்தார். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆவணப் புகைப்படத்துக்கென ஒரு மையமும் அமைத்தார். படைப்பும் தொகுப்பும் கற்பித்தலும் அவரிடம் தனித்தனி அறைகளில் இருக்கவில்லை.

சமகாலக் கலை என்றதும் உங்களில் சிலருக்கு வரும் தயக்கமும் தெரியும். நம் நாட்டு ஓவியக் கலைஞர் ரேஷ்மா சிபா பரதம் பயின்றவர், காளியைத் தன் படைப்புகளில் திரும்பத் திரும்பக் கொண்டுவருபவர். 2013இல் ஜோஹன்னஸ்பர்க்கில் பழைய பெண்கள் சிறைக்குள் பார்வையாளர்கள் நடந்துபோகும்படி ஒரு பெரிய யோனி வடிவத்தை அமைத்தார். உள்ளே சிரிப்பும் அலறலும் ஒலித்தன. பலர் கோபப்பட்டார்கள். கியூரேட்டர் நொன்டொபெகோ ந்தொம்பேலாவோடு நடத்திய உரையாடலாகவே அந்தக் கண்காட்சி அமைந்தது. அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. கோபம் வந்தாலும் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும், அதைத்தான் கேட்கிறேன்.

பாட்டி கொடுத்த சேலையைப் பிள்ளைகள் ஒதுக்கிவிட்டால் மனம் நோகுமே என்பீர்கள். நோகும்தான். அதனால் ஒதுக்கும் முன் அந்தப் பாட்டி வீட்டுக்கே போய்க் கேட்கட்டும். யார் கட்டியது, எப்போது, ஏன் எடுத்து வைத்தீர்கள் என்று கேட்டு, அதைத் தமிழில் நான்கு வரி எழுதட்டும், பக்கத்தில் ஜூலுவிலும் ஆங்கிலத்திலும். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் எழுதும் தமிழை ஆசிரியையைத் தவிர யாரும் படிப்பதில்லை. சுவரில் எழுதினால் ஊரே படிக்கும். எழுத்துப் பிழையைப் பற்றி அவர்களுக்கே கவலை வந்துவிடும்!

பணம் பெரிய தடையில்லை. ஒலிபெருக்கிக்கும் மேடை அலங்காரத்துக்கும் போவதில் ஒரு பகுதி போதும். ஆனால் கலைஞருக்குக் கூலி கொடுங்கள். சேவை என்று சொல்லி இலவசமாக வரவழைக்காதீர்கள்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பேச நேரம் ஒதுக்குங்கள். மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு வருகிறேன். உங்கள் சந்தேகங்களை அவர்களிடமே கேளுங்கள்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த் ஓவிய ஆசிரியை ஒருத்தி