அரையாண்டு நிறைவும் கற்றல் செயலிகளும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கலைத் திருவிழாவிலும் வட்டார விளையாட்டுப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பரிசுகளோடு திரும்பினார்கள். பத்தாம் வகுப்புக்கு மாலை நேரச் சிறப்பு வகுப்புகள் தடையின்றி நடக்கின்றன. உதவிய அனைவருக்கும் நன்றி.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த காரணத்துக்கு வருகிறேன்.

இரண்டு வாரங்களுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை, தறிக்குப் போகும் வழியில் என் அறைக்கு வந்தார். கையில் நான்காக மடித்த துண்டுச்சீட்டு. அதில் "மாதம் 1,400, 18 தவணை" என்று எழுதியிருந்தது. "டீச்சர், இதைக் கட்டினால்தான் பாப்பாவுக்கு மார்க் போடுவீர்களா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டபோதுதான் தெரிந்தது: கற்றல் செயலி ஒன்றை விற்பவர் அவரைக் கைப்பேசியில் அழைத்திருக்கிறார். மகளின் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாவற்றையும் பிசகாமல் சொல்லி, பள்ளியே அனுப்பியது போலப் பேசியிருக்கிறார். அதே வகுப்பில் இன்னும் 11 வீடுகளுக்கு அந்த அழைப்பு போயிருக்கிறது. நான்கு பேர் முன்பணமும் கட்டிவிட்டார்கள்.

நம் பள்ளி எந்தக் கட்டணச் செயலியையும் பரிந்துரைக்கவில்லை. யாரையும் வாங்கச் சொல்லவில்லை. எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் எந்தச் செயலிக்கும் தொடர்பு கிடையாது.

உங்கள் தவிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. கொரோனா காலத்தில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகளுக்கு முறைவைத்துக் கொடுத்த வீடுகள் நம் ஊரில் உண்டு. பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்ற பயம் அன்று நுழைந்தது, இன்னும் போகவில்லை. அதனால்தான் வகுப்பறைக்குள் எதைக் கொண்டுவருகிறோம், எதைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறோம் என்பதை உங்களிடம் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

நம் கணக்குப் பாடநூலில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளில் செய்வது. சென்ற மாதம் கணினி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு நான்கு பேராக அமர்ந்து முக்கோணம் வரைந்தார்கள். முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்குப் போகும் நடுக்கோடுகள் மூன்றும் ஒரு புள்ளியில் சந்தித்தன. ஒரு மாணவி முனையைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தாள். முக்கோணம் நீண்டது, சாய்ந்தது, அந்தப் புள்ளி மட்டும் உள்ளேயே இருந்தது. பக்கத்தில் இருந்தவன், "குத்துக்கோடு போட்டாலும் உள்ளேதான் இருக்குமா?" என்று கேட்டான். முனையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக வரைவதுதான் குத்துக்கோடு. போட்டுப் பார்த்தார்கள். ஒரு கோணம் 90 பாகையைத் தாண்டி விரிகோணமானதும், குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளி முக்கோணத்தை விட்டு வெளியே ஓடியது. அந்த நால்வரும் போட்ட சத்தம் என் அறை வரை கேட்டது. கரும்பலகையில் இதைக் காட்ட வேண்டுமென்றால் ஒரு பாடவேளை முழுக்க வரைந்து வரைந்து அழிக்க வேண்டும். அதனால்தான் அந்த மென்பொருளுக்கு வகுப்பில் இடம் கொடுத்தோம்.

வீட்டுப்பாடக் கணக்கைப் படம் எடுத்தால் விடையை வரிவரியாகக் கொடுக்கும் செயலிகளும் உண்டு. போன மாதம் 9 நோட்டுகளில் ஒரே விடை, ஒரே வழிமுறை, அதுவும் நாங்கள் சொல்லித்தராத வழிமுறை. அந்த ஒன்பது பேரில் ஒருவராலும் அடுத்த கணக்கைப் பலகையில் போட முடியவில்லை. பிள்ளையைக் கேள்வி கேட்க வைப்பதுதான் எங்களுக்கு வேண்டும். ஒரு செயலி காசு கேட்கக் கூடாது, தமிழில் இருக்க வேண்டும், கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளை ஒதுங்கி நிற்கும் நிலை வரக் கூடாது. தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2023இல் வெளியிட்ட, பாடங்களைக் காணொலியாக விளக்கும் மணற்கேணி செயலி இலவசம். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடுகளும் இலவசம். வீட்டில் பயன்படுத்த இவையே போதும்.

அந்த விற்பனையாளருக்குப் பிள்ளைகளின் விவரம் எப்படிப் போனது? வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருந்த பெயர்ப்பட்டியலை யாரோ வெளியே கொடுத்திருக்கிறார்கள். யாராக இருந்தாலும் அது தவறு. மீண்டும் நடந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைத்து நடவடிக்கை எடுப்பேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இங்கே உங்களை யாரும் கேட்கவே இல்லை. பட்டியலைக் குழுவில் இட்டது நாங்கள். அந்தப் பிழைக்கு நான் பொறுப்பேற்கிறேன். இனி பெயரும் எண்ணும் குழுவில் வராது.

ஒன்றிய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே கற்றல் செயலிகளை விற்கும் நிறுவனங்கள் குறித்துப் பெற்றோரை எச்சரித்தது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் பிடிக்கும் வசதிக்குச் சம்மதிக்காதீர்கள் என்பது அதில் முக்கியமானது. முன்பணம் கட்டிய நால்வரும் தயங்காமல் என்னிடம் வாருங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் செய்யலாம். ஏமாந்துவிட்டோமே என்று யாரும் கூச்சப்பட வேண்டாம்.

விடுமுறை முடிந்ததும் சனிக்கிழமை காலைகளில் ஆய்வகம் திறந்திருக்கும். பிள்ளையோடு வந்து உட்கார்ந்து நீங்களே முக்கோணத்தை இழுத்துப் பாருங்கள். எந்தச் செயலியைப் பற்றி யார் பேசினாலும், பணம் கொடுக்கும் முன் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்று அந்தத் துண்டுச்சீட்டோடு நேரே பள்ளிக்கு வந்த தந்தைக்கு அரை நாள் கூலி போயிற்று. அவர் வந்திருக்காவிட்டால் இது எதுவும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அவருக்கும், நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்