பிரிக்பீல்ட்ஸில் துணைநின்ற அக்காவுக்கு நன்றி

நான் பேட்டி கண்ட ஒருவர் நள்ளிரவில் அனுப்பிய ஆபாசக் குறுஞ்செய்திகளை மேலாளரிடம் காட்டியபோது, "நிருபர் வேலையில் இது சகஜம்" என்ற பதிலே கிடைத்தது. சகஜமன்று, அதைச் சகித்துக்கொள்ளப் பழக்குவதே பெருங்கொடுமை. அன்று மாலை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி உணவகத்தில் கண்கலங்கி அமர்ந்திருந்த என் எதிரே வந்து, ஆறிப்போன தே தாரிக் தேநீரை ஓரமாக நகர்த்திவிட்டு, "எதையும் அழிச்சிடாதம்மா, தேதியோட எடுத்து வை" என்றீர்கள். மலேசியாவின் 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் 2024 மார்ச் 8 முதல் தீர்ப்பாயம் இயங்குவதையும், வழக்கறிஞர் இன்றியே அங்கு முறையிடலாம் என்பதையும், 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரமுண்டு என்பதையும் பில்லின் பின்புறத்தில் எழுதித் தந்தீர்கள். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன், அக்கா. அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் மறுவாரம் புகார் மனுவை எழுதினேன். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.