கண்மாய்க் கரையில் தண்ணீர் ஊற்றிய, ஆடு மேய்க்கும் கீதாரி ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

மதுரை ஒத்தக்கடை, நரசிங்கம் பக்கத்துச் சொந்தங்களுக்கும், கடச்சனேந்தல் மோர்ப் பந்தல் பிள்ளைகளுக்கும், பெயர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போனவர்களுக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு 9 நாள். நேற்றுச் சாயங்காலம் சுவரைப் பிடிக்காமல் திண்ணை வரைக்கும் நடந்தார். அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்கு அப்புறம்தான் இந்த மடலை எழுத உட்கார முடிந்தது. என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்த அந்த 26 நாளைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

எங்கள் வீடு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடச் சும்மா இருந்ததில்லை. மகளுக்குச் சிலம்பம், மகனுக்குப் பள்ளி, எனக்கு ரவிக்கைத் தையல், அத்தைக்குக் கோயில். எல்லாவற்றுக்கும் நடுவில் இவர் ஏதாவது ஒரு ஊர் வேலையை இழுத்துக்கொண்டு வருவார். 2025 ஜனவரியில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை சனம் நடந்தபோது இவரும் முழுத் தூரமும் நடந்தார். அன்றைக்கு ராத்திரி இவர் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது நான்தான். அந்த மாதமே சுரங்க ஏலம் ரத்தான சேதி வந்ததும் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். அந்தக் கால்கள்தான் நேற்று வாசலுக்கும் திண்ணைக்கும் நடுவே எட்டு எட்டு வைத்தன.

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அழகர் மலையிலிருந்து இறங்கி வரும் நாளில் கடச்சனேந்தல் ரோட்டில் நாங்கள் 11 வருடமாக நீர்மோர் ஊற்றுகிறோம். இந்த வருடம் அது நின்றுபோகும் என்றுதான் நினைத்தேன். தெருப் பிள்ளைகளே தயிர் வாங்கி, இஞ்சியும் பச்சை மிளகாயும் இடித்துப் போட்டு, அதே இடத்தில் பந்தல் போட்டுவிட்டார்கள். பந்தலில் இவர் பெயரை எழுதி வைத்திருந்த படத்தை என் போனுக்கு அனுப்பினார்கள். அழகர் ஆற்றில் இறங்கிய விடியற்காலையில் 'கோவிந்தா' சத்தம் ஆஸ்பத்திரி வராந்தா வரைக்கும் கேட்டது. பாயில் படுத்திருந்த அத்தனை பேரும் எழுந்து ஆறு இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டோம். அந்தப் பந்தல் பிள்ளைகளுக்கு, ரத்தம் கொடுக்க ராத்திரி 11 மணிக்கு ஓடிவந்த நான்கு தம்பிகளுக்கு, காசு வாங்காமல் ஆட்டோவை வாசலிலேயே நிறுத்திக் காத்திருந்த பள்ளிவாசல் தெரு அண்ணனுக்கு, பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சோறு போட்ட எதிர்வீட்டு அக்காவுக்கு, அத்தைக்கு நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்த மருந்துக்கடைத் தங்கச்சிக்கு, என் தையல் ஆர்டர்களை வாங்கி முடித்துக் கூலியை என் கையில் கொடுத்த தோழிக்கு, எல்லோருக்கும் என் நன்றி. வீட்டுக்கு வீடு வந்து சொல்வேன். இப்போதைக்கு இந்த எழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் செய்தது பெரும்பாலோருக்குத் தெரியாது.

போன ஐப்பசியில் மழை பிடித்ததும், யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் நம் கண்மாய்க் கரையில் 64 கன்றுகள் வைத்தோம். பூவரசு, புங்கன், நாவல், இலுப்பை, தண்ணீர் வழிகிற மறுகால் பக்கம் கொஞ்சம் நீர்மருது. கார்த்திகையில் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் 17 பூவரசுக் கன்று குச்சியாக நின்றது. பூவரசு இலை என்றால் ஆட்டுக்கு உயிர். கண்மாய்க்குள்ளே உள்வாயில் மேய்கிற ஆட்டுக்கிடை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். நான் நேரே போய்க் கீதாரி ஐயாவைச் சத்தம் போட்டேன். டீக்கடை முன்னால், பத்துப் பேர் பார்க்க. வயதுக்குக்கூட மரியாதை தராமல் பேசினேன். இவர்தான் என் கையைப் பிடித்து இழுத்து வந்தார். ஐயா பதில் பேசவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு கரையில் எதிர்ப்பட்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரும் ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்விடுவார்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாளில் கன்றுகளை நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். ஒரு தடவைகூட நினைக்கவில்லை. சித்திரை வெயிலில் வாரம் இரண்டு தடவை தண்ணீர் விடாவிட்டால் முதல் வருடக் கன்று நிற்காது. அக்னி நட்சத்திரம் வேறு தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். காய்ந்த குச்சிகளைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அம்மா, கன்னு எல்லாம் உயிரோட இருக்கு. யாரோ பாட்டில் கட்டி விட்டிருக்காங்க."

மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். ஆடு கடித்தது போக மீதி இருந்த 47 கன்றில் 44 பச்சையாக நின்றது. ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி ஊன்றி, அடி அறுத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைத் தலைகீழாகக் கட்டியிருந்தது. திருவிழா முடிந்து ரோட்டோரம் கிடந்த தண்ணீர் பாட்டில்கள். மூடியில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டு, அதில் வேட்டிக் கிழிசலைத் திரியாகத் திரித்துச் செருகியிருந்தார் கீதாரி ஐயா. மேலே தண்ணீரை ஊற்றிவிட்டால் திரி வழியாகச் சொட்டுச் சொட்டாக வேரடியில் இறங்கும். ஒரு பாட்டில் தண்ணீர் சீக்கிரம் தீராது. குடத்தில் மொத்தமாக ஊற்றினால் வெயில் பாதியைக் குடித்துவிடும். கன்றைச் சுற்றிச் சீமைக்கருவேல முள்ளை வெட்டி அடுக்கியிருந்தார். அது அவருடைய ஆட்டுக்கே போட்ட வேலி. கடிபட்டு நின்ற பூவரசுக் குச்சிகளுக்கும் பாட்டில் கட்டியிருந்தார். அதில் ஐந்து துளிர்த்திருக்கிறது.

கண்மாய் வறண்டு கிடக்கிறது. தண்ணீருக்கு அவர் எங்கே போனார் என்று தென்னந்தோப்புக்காரர்தான் சொன்னார். காலையில் கரண்டு வரும்போது தோப்பில் மோட்டார் ஓடும். கிடையைத் திறந்துவிடும் முன்னால், தோளில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று கரைக்கு ஏறுவாராம். கரை ஏற்றம் எனக்குத் தெரியும். வெறுங்கையோடு ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். அவருக்கு வயது எழுபதுக்குக் குறையாது.

அவரை உள்வாயில் ஒரு கருவேல நிழலில் பார்த்தேன். போகும்போது என்னென்னவோ பேச நினைத்திருந்தேன். கையைக் கூப்பியதும் வாயில் எதுவும் வரவில்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"தம்பி எந்திரிச்சு நடக்குதா தாயி?"

"நடக்குறாருங்க ஐயா."

"டீக்கடையில சொன்னாங்க. நீங்க இல்லேன்னு தெரிஞ்சுச்சு. கன்னு தலை தொங்கிக் கெடந்துச்சு, அதான்."

அன்றைக்குப் பேசியது தப்பு, மன்னிச்சிருங்க என்று சொன்னேன். ஆடு தின்னது உண்மைதானே என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். நான் கொண்டுபோன புது வேட்டியை எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளாட்டுக்குட்டியின் காதைத் தடவிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"அடுத்த தடவை வைக்கும்போது ஓரமா வாகை நாலு, அகத்தி நாலு வைங்க. கோடையில கெளையக் கழிச்சுப் போட்டா ஆட்டுக்கு ஆகும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். கரையில் மரம் வைக்கும்போது நாங்கள் நிழலை நினைத்தோம், கரை பலப்படும் என்று நினைத்தோம், பறவை வரும் என்று நினைத்தோம். அந்தக் கரையையே நம்பி வருடம் முழுக்க அங்கே நிற்கும் மனிதரையும் அவர் ஆட்டையும் நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. இதை இவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "நாலு பத்தாது, நாற்பது வைப்போம்" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவர் நாளைய வேலையைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

வருகிற ஐப்பசியில் கண்மாயின் கீழ்மடைப் பக்கம் வாகையும் அகத்தியும் பூவரசும் ஆட்டுக்கென்றே வைக்கப் போகிறோம். எங்கே வைப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது, எப்போது கழிப்பது எல்லாம் ஐயா சொல்கிறபடிதான். அதுவரைக்கும் அந்த 44 கன்றுக்கும் துளிர்த்த ஐந்துக்கும் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டு வேலை. மகளும் மகனும் முறை போட்டுக்கொண்டார்கள். பாட்டில்களை மாற்றவில்லை, அவர் கட்டினபடியே இருக்கட்டும்.

ஐயாவுக்குப் படிக்கத் தெரியாது, போனும் கிடையாது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது நம் டீக்கடைக்குப் போனால் அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். காலை ஏழு மணிக்குள் போனால் பார்க்கலாம். அதற்கு மேல் ஆட்டை ஓட்டிக்கொண்டு உள்வாய்க்குப் போய்விடுவார்.