எல்லைக்கோட்டுக்கு வெளியே

கொழிஞ்சாம்பாறை,
20.4.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டதால் தென்னைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பாய்ச்சுகிறோம். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

மெல்போர்னில் உங்கள் கிளப்பில் கையெழுத்துக்கு வந்திருக்கும் மனுவைப் பற்றி நீ எழுதியதை நான்கு நாட்களாக மனத்தில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பெண்களுக்கு அணியே இல்லாமல் செய்துவிட்ட ஆப்கானிஸ்தானோடு ஆஸ்திரேலிய ஆண்கள் கிரிக்கெட் அணி உலகக் கோப்பையில்கூட ஆடக் கூடாது என்பது மனுவின் கோரிக்கை. கையெழுத்துப் போடலாமா என்று நீ கேட்கிறாய். விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று உன் தம்பி தொலைபேசியில் வாதாடினானாம். அவன் வயதில் நானும் அதைத்தான் சொன்னேன். அதனால் அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

1974இல் எனக்குப் பதினாறு வயது. விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆஸ்திரேலியாவையும் சோவியத் யூனியனையும் தோற்கடித்து இந்தியாவை டேவிஸ் கோப்பையின் இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகிக்கொள்ள, ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை அவர்களுக்குப் போனது. டீக்கடையில் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம் சென்னைப் பிள்ளைகள் கையில் வாங்கியிருக்க வேண்டிய கோப்பையை யாரோ தட்டிப் பறித்துவிட்டதாகத்தான் அன்று நினைத்தேன். அந்த நினைப்பு மாறுவதற்கு எனக்கு வெகு காலம் ஆயிற்று. அது மாறிய விதத்தை உனக்குச் சொல்ல வேண்டும். நான் இதுவரை வீட்டில் சொல்லாத ஒன்றும் அதில் இருக்கிறது.

பீரோ மேல் இருக்கும் பித்தளைக் கோப்பை உனக்கு நினைவிருக்கும். சிறு வயதில் அதில் புளியங்கொட்டை போட்டுக் குலுக்கி விளையாடுவாய். அது 1981 பொங்கலுக்கு வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் நடந்த போட்டியில் நாங்கள் ஜெயித்தது. அன்று காலை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு, எங்களுக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும் என்று கேட்டோம். காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையன், பதினெட்டு வயதிருக்கும், வெறுங்காலோடு வந்து எனக்கு நான்கு பந்து வீசினான். மூன்றை எப்படியோ தடுத்தேன். நான்காவது என் பெருவிரலுக்கும் மட்டைக்கும் நடுவே புகுந்து, பின்னால் நிறுத்தியிருந்த லாரி டயரில் பட்டுத் துள்ளியது. அப்படியொரு யார்க்கரை அதற்கு முன்பு நான் ஆடியதில்லை. அவர்களுடைய கேப்டன் பதினொரு பெயர்களைப் படித்தபோது அந்தப் பையனின் பெயர் வரவில்லை. ஏன் என்று எங்களில் ஒருவர் கேட்டதற்கு, "அவன் அந்தத் தெருங்க" என்று பதில் வந்தது. நாங்கள் தலையை ஆட்டிவிட்டு டாஸ் போடப் போனோம்.

அன்று முழுவதும் அவன் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, சோளக்காட்டு ஓரத்தில் நின்று பந்து எடுத்துப் போட்டான். கோட்டைத் தாண்டி ஓரடிகூட உள்ளே வரவில்லை. நான் அடித்த ஒரு பவுண்டரியை அவன் பொறுக்கி எறிந்தபோது, அது விக்கெட் கீப்பரின் கையுறைக்குள் நேராக வந்து விழுந்தது. மத்தியானம் எங்களுக்குப் பந்தியில் இலை போட்டார்கள். அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த அலுமினியத் தட்டோடு புளியமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். நான் அன்று 41 ரன் எடுத்தேன், நாங்கள் ஜெயித்தோம். பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு கோப்பையோடு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு உடற்கல்வி ஆசிரியர் வேலை கிடைத்து, பிள்ளைகளை நானே தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்தேன். அப்போதுதான் இந்த விஷயங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்தச் சோளக்காட்டு ஓரம்தான் கண்முன் வந்து நின்றது.

பேசில் டி ஒலிவேராவின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். கேப் டவுனில் பிறந்தவர். கலப்பினத்தவர் என்று அங்கே வகைப்படுத்தப்பட்டதால் சொந்த நாட்டு அணிக்கு ஆட முடியாமல் 1960இல் இங்கிலாந்துக்குப் போய், அந்த நாட்டுக்கு டெஸ்ட் ஆடினார். 1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ரன் எடுத்தார். அந்த ஆட்டம் முடிந்த மறுநாளே தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்துக்கான அணியை அறிவித்தார்கள். அதில் அவர் இல்லை. பிறகு டாம் கார்ட்ரைட் காயத்தால் விலக, அந்த இடத்துக்கு டி ஒலிவேராவை எடுத்தார்கள். உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் இந்த அணியை ஏற்க முடியாது என்று சொல்லிவிட, சுற்றுப்பயணமே ரத்தாயிற்று.

இதில் நான் உன்னைக் கவனிக்கச் சொல்வது பிரதமரின் மறுப்பை அல்ல. அதற்கு முன்பு இங்கிலாந்துத் தேர்வுக் குழு செய்ததை. அநியாயமாக ஆள் எடுக்கும் நாட்டுக்கு விருந்தாளியாகப் போக வேண்டுமானால், அந்த அநியாயத்தை முதலில் நம் வீட்டுக்குள்ளேயே செய்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. நியூசிலாந்து ரக்பி அணியும் 1928, 1949, 1960 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தன் மாவோரி வீரர்களை வீட்டில் விட்டுவிட்டுத்தான் தென்னாப்பிரிக்கா போனது. இப்படிப் போனவர்கள் வெறும் ஆட்டக்காரர்கள்தான், அரசியல் எதுவும் செய்யவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

விலகி நின்றால் எதுவும் நடக்காது என்பதும் உண்மையல்ல. 1971 ஏப்ரலில் கேப் டவுன் நியூலண்ட்ஸ் மைதானத்தில் மைக் புரோக்டர் ஒரே ஒரு பந்து வீச, அடுத்த நிமிடம் அங்கே ஆடிய தென்னாப்பிரிக்க வெள்ளை வீரர்கள் எல்லாரும் மைதானத்தை விட்டு வெளியே நடந்தார்கள். திறமையை மட்டுமே பார்த்து அணியை எடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. முந்தைய ஆண்டு இங்கிலாந்துப் பயணம் ரத்தாகி, அடுத்து ஆஸ்திரேலியப் பயணமும் போய்விடுமோ என்ற நிலை வராமல் இருந்திருந்தால் அவர்கள் அப்படி நடந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில், அப்போது ஆஸ்திரேலிய வாரியத் தலைவராக இருந்த டான் பிராட்மேன் அந்தப் பயணத்தை ரத்து செய்தார். அவரும் முதலில் பயணம் நடக்கட்டும் என்ற எண்ணத்தில் இருந்தவர்தான்.

இழப்பு இல்லாமல் இது நடக்கவில்லை. டர்பனில் பிறந்த தென்னாப்பிரிக்க மட்டையாளர் பேரி ரிச்சர்ட்ஸ் நான்கே டெஸ்டில் 508 ரன் எடுத்தவர். அதற்கு மேல் அவருக்கு டெஸ்டே கிடைக்கவில்லை. அவர் இழந்ததை உலகம் இன்றும் பேசுகிறது, அதில் தப்பில்லை. ஆனால் அதே டர்பன் நகரத்தில், 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம் ஜனங்களின் பேரப் பிள்ளைகளும் கிரிக்கெட் ஆடினார்கள். அவர்களில் எத்தனை பேர் நல்ல ஆட்டக்காரர்களாக இருந்து ஒன்றுமில்லாமல் போனார்கள் என்பதை எந்த ஸ்கோர் புத்தகமும் சொல்லாது. 2019இல் விசாகப்பட்டினத்து டெஸ்டில் செனுரன் முத்துசாமி என்ற டர்பன் பையன் தென்னாப்பிரிக்காவுக்காக அறிமுகமாகி, முதல் விக்கெட்டாக விராட் கோலியை எடுத்தபோது, நம் ஆள் அவுட்டானதை மறந்து நான் கை தட்டினேன். உன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஹசன் ஹோவா என்று ஒருவர் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் அல்லாதவர்களின் கிரிக்கெட் அமைப்பை நடத்தியவர். சமூகம் இயல்பாக இல்லாத இடத்தில் விளையாட்டு மட்டும் இயல்பாக இருக்க முடியாது என்று சொல்லி, எங்கள் நாட்டுக்கு வராதீர்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டவர் அவர். வெளியே நிறுத்தப்பட்டவர்களே அப்படிக் கேட்டார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் 1974இல் கைவிட்ட கோப்பை மேல் எனக்கு இருந்த வருத்தம் முழுதாகத் தீர்ந்தது.

இப்போது ஆப்கானிஸ்தானுக்கு வருகிறேன். 2020 நவம்பரில் அவர்கள் வாரியம் 25 பெண்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. 2021 ஆகஸ்டில் தாலிபான் வந்தது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தப்பி உங்கள் நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மெல்போர்னின் ஜங்ஷன் ஓவல் மைதானத்தில் ஜனவரி 30ஆம் தேதி அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆடிய ஆட்டத்தை நீ நேரில் பார்த்து எழுதியதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆப்கானிஸ்தானோடு நடக்கவிருந்த ஹோபார்ட் டெஸ்டை 2021இல் ஆஸ்திரேலியா நிறுத்தியதும், 2023இலும் 2024இலும் இருதரப்புத் தொடர்களிலிருந்து பின்வாங்கியதும் என் கணக்கில் சரியான காரியங்களே. ஆனால் 2023 உலகக் கோப்பையில் மும்பை வான்கடேயில் ஆஸ்திரேலியாவின் மேக்ஸ்வெல் 201 அடித்த அந்த ஆட்டம் யாரோடு ஆடியது? உலகக் கோப்பைப் புள்ளி கிடைக்கும் இடத்தில் ஆடுவதும், அதிகம் நஷ்டம் வராத இடத்தில் மட்டும் கொள்கை பேசுவதும் எனக்கு ஒப்பவில்லை. அந்த அளவில் மனு எழுதியவர்களின் கோபம் நியாயமானது.

ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. ஆப்கானிஸ்தான் வீரர்களான ரஷீத் கானும் முகமது நபியும் வெள்ளை அதிகாரத்தின் செல்லப்பிள்ளைகளாக இருந்த பழைய தென்னாப்பிரிக்க அணியைப் போன்றவர்கள் அல்லர். பெண்களுக்கு மருத்துவக் கல்வியைத் தடுத்தபோது, போன டிசம்பரில், இருவரும் வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார்கள். சேப்பாக்கத்தில் அவர்கள் பாகிஸ்தானை வென்ற இரவில் நம் தெருப் பையன்கள் பட்டாசு வெடித்தார்கள். நானும் வாசலில் நின்று சந்தோஷப்பட்டேன். இவர்களை வெளியே தள்ளினால் அந்தப் பெண்கள் உள்ளே வந்துவிடுவார்களா? அந்தப் பெண்களில் 17 பேர் சென்ற ஆண்டு சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது ஆஸ்திரேலியாவில் தங்களுக்கு ஓர் அகதிகள் அணி அமைய உதவி வேண்டும் என்பதுதான். கவுன்சில் இந்த மாதம்தான் அவர்களுக்காக ஒரு குழுவும் நிதியும் அறிவித்திருக்கிறது.

2009 வாக்கில் வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் அந்தப் பந்துவீச்சாளரைப் பார்த்தேன். சொந்த டெம்போவில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். நான்தான் அடையாளம் சொன்னேன். அவருக்கு என்னைவிட அந்த லாரி டயர்தான் ஞாபகம் இருந்தது. அன்றைக்கு நாங்கள் ஆடாமல் திரும்பியிருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "திரும்பிப் போயிருந்தா எனக்கு என்னங்க ஆயிருக்கும்? இவனையும் எறக்குங்க, இல்லாட்டி நாங்க ஆடலீன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். பதினொரு பேர் அங்கே இருந்தோம், அம்மிணி. ஒருவருக்கும் அவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவருக்காகத் தலைகுனிந்துகொண்டு நான் கழித்த அத்தனை வருடங்களிலும்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆகையால் உன் மனுவுக்கு என் பதில் இது. இருதரப்புச் சுற்றுப்பயணம் வேண்டாம் என்பதற்கு நான் இங்கிருந்தே கையெழுத்துப் போடுவேன். உலகக் கோப்பையிலும் ஆடக் கூடாது என்ற வரிக்குப் போடுவதற்கு முன்பு, அந்தப் பெண்களைப் போய்க் கேள். அவர்களில் பலர் நீ இருக்கும் மெல்போர்னிலேயேதானே இருக்கிறார்கள். ஜங்ஷன் ஓவலில் ஒருவரோடு பேசியதாகவும் எழுதியிருந்தாய். ஆண்கள் அணியைத் தடுக்கச் சொல்கிறார்களா, கவுன்சிலிலிருந்து வாரியத்துக்குப் போகும் பணத்தில் தங்கள் பங்கைக் கேட்கிறார்களா, அந்த நாட்டின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடும் உரிமையைக் கேட்கிறார்களா என்று அவர்கள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள். தடை வேண்டும் என்று அவர்கள் சொன்னால், ரஷீத் கான் பந்து வீசுவதைப் பார்க்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமானாலும், யோசிக்காமல் போட்டுவிடு. வேறு ஒன்றைச் சொன்னால் மனுவில் அந்த வரியை மாற்றி எழுதச் சொல்லி உங்கள் கிளப்பில் வாதாடு. வாதாட உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்கள் சொன்னதை எனக்கு விவரமாக எழுது. தொலைபேசியில் சொன்னால் என் காதில் பாதிதான் விழுகிறது.

அன்புடன்,
அப்பா