கடலோர முகாமும் காலை 6 மணிப் பேருந்தும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பருவத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஆர்வத்தோடு கலந்துகொண்டார்கள், அனைவருக்கும் பாராட்டுகள். நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. அடுத்த வாரம் நம் ஆண்டுக் கடலோர முகாம். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

“போன ஆண்டு 8 மணிக்குத்தானே கிளம்பினார்கள், இப்போது ஏன் 6 மணி?” என்று பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. நிலவின் நகர்வால் அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே சென்ற ஆண்டின் நேரம் இந்த ஆண்டுக்கு ஒத்துவராது.

முதல் நாள் நடை பாறை முனையைச் சுற்றிப் போகிறது. முனையின் அடியில் இருக்கும் மணல்பாதை நீர் வற்றியிருக்கும்போதுதான் வெளியே தெரியும். அன்று முழு வற்றம் காலை 10.30. நடை 8.30-க்குத் தொடங்கினால் 9.15-க்கு முனையைத் தாண்டி, பாறைக் குட்டைகளில் நண்டும் நட்சத்திர மீனும் பார்த்துவிட்டு, 10.30-க்குத் திரும்பலாம். 11 மணிக்குள் எல்லோரும் முனைக்கு இப்பால் வந்துவிடுவார்கள். பேருந்துப் பயணம் இரண்டு மணி நேரம் என்பதால் 6 மணிக்குக் கிளம்பியே ஆக வேண்டும்.

நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. ஏற்றத்தின் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் ஏறுவது ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்குதான். மூன்றாவது, நான்காவது மணிகளில் மட்டும் மொத்தத்தில் பாதி ஏறிவிடும். தொடக்கத்தின் மெதுவைப் பார்த்து “இன்னும் நேரமிருக்கிறது” என்று நினைப்பவர்களே பெரும்பாலும் முனைக்கு அப்பால் சிக்கிக்கொள்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் உயரமாக ஏறும். நம் முகாம் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்குகிறது.

சென்ற ஆண்டு சில குடும்பங்களின் தாமதத்தால் பேருந்து 40 நிமிடம் நின்றது. பிள்ளைகள் முனையைப் பார்த்ததோடு திரும்ப நேர்ந்தது. ஈரப் பாறையில் சிறு பிள்ளைகளை வேகமாக நடக்கச் சொல்ல முடியாது. ஒரு கணுக்கால் சுளுக்கினாலே அரை மணி நேரம் போய்விடும்.

ஆகவே இந்த முறை 6 மணிக்கு மேல் பேருந்து யாருக்காகவும் நிற்காது. “நாங்களே காரில் கொண்டுவந்து விடுகிறோம்” என்பதையும் ஏற்க இயலாது. தலை எண்ணுவதும் பாதுகாப்பு விளக்கமும் புறப்படும் முன்பே முடிந்துவிடும். அதைக் கேட்காத பிள்ளையைப் பாறைப் பக்கம் அழைத்துப்போக மாட்டோம். இதில் விதிவிலக்கு கேட்க வேண்டாம்.

தாமதத்துக்குப் பெரும்பாலும் கடைசி நிமிடப் பை அடுக்கலே காரணம். முந்தைய நாள் இரவே முடித்துவிடுங்கள். கயிறு கட்டும், ஏற்கெனவே போட்டுப் பழகிய காலணி வேண்டும்: புதியது கொப்புளம் போடும், ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும். ஜீன்ஸ் நனைந்தால் கனத்துத் தொடையை உரசும். நீச்சல் உடை பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் நீருக்குள் கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்றடைத்த மிதவைகள் எதுவும் வேண்டாம், கரையிலிருந்து வீசும் காற்று அவற்றைப் பிள்ளையோடு இழுத்துப்போய்விடும். மருந்துகளை அவற்றின் சொந்த அட்டையோடு, பெயர் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுங்கள்.

விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பிக் கிளப்புவது எளிதல்ல என்பது தெரியும். வேலைக்குப் போகும் அவசரத்திலும் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து விடும் உங்களில் பெரும்பாலோருக்கு என் மனமார்ந்த நன்றி. போக்குவரத்துச் சிக்கல் உள்ளவர்கள் இப்போதே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அருகில் இருக்கும் குடும்பத்தோடு சேர்ந்து வர ஏற்பாடு செய்கிறோம். 5.45-க்குப் பள்ளி வாசலில் சந்திப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்