பெரியவளுக்கு மூன்று வயதுதான் ஆகிறது

அன்புள்ள மகனுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய குரல் பதிவை அம்மாவும் நானும் சேர்ந்துதான் கேட்டோம். சின்னவன் அழுகை, அதற்கு மேல் பெரியவள் கத்தல், அதற்கும் மேல் உன் பெருமூச்சு. "இந்த வீட்டில் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை அப்பா" என்று முடித்திருந்தாய். அம்மா சிரித்துவிட்டாள், கோபித்துக்கொள்ளாதே. நீ கவனித்தாயோ இல்லையோ, நீ பேசி முடிக்கும்போது பின்னால் பெரியவள் தம்பிக்கு ஏதோ பாட ஆரம்பித்திருந்தாள், அவனும் அழுகையை நிறுத்தியிருந்தான். அந்த இடத்தை அம்மா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

போனில் பேச உனக்கு நேரம் கிடைக்காது என்று எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம்.

முதலில் பெரியவள் விஷயம். தம்பி வந்ததிலிருந்து படுக்கையை நனைக்கிறாள், தானே சாப்பிட்டவள் ஊட்டிவிடச் சொல்கிறாள், தெளிவாகப் பேசியவள் மழலை பேசுகிறாள், எல்லாம் வேண்டுமென்றே என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் இன்னொரு குழந்தை வந்ததும் மூத்தது கொஞ்ச நாள் பின்னால் போவது குழந்தை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிற விஷயம். பேசத் தெரியாதவனைத்தான் எல்லோரும் தூக்குகிறார்கள், நனைத்தவனைத்தான் உடனே கவனிக்கிறார்கள். இதை அவள் தினமும் பார்க்கிறாள். அவள் போட்ட கணக்கில் என்ன தப்பு?

5 வயது வரை ராத்திரியில் நனைப்பதைப் பொதுவாக மருத்துவர்கள் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. பகலிலும் நனைக்கிறாள், ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்கிறாள், வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் கேட்கிறாள் என்றால் தாமதிக்காமல் காட்டு. இல்லையென்றால் மெத்தை மேல் ரப்பர் விரிப்பைப் போட்டுவிட்டு, காலையில் அதைப் பற்றி யாரும் பேசாமல் இருங்கள். அவள் முன்னால் விருந்தாளிகளிடம் சொல்லவே வேண்டாம். "நீ பெரியவள் இல்லையா" என்பதையும் கொஞ்ச நாள் நிறுத்தி வை. பெரியவள் பெரியவள் என்கிறோமே தவிர, அவளுக்கு மூன்று வயதுதான் ஆகிறது.

அந்த வயதில் நீ எப்படி இருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்தபோது வாசல் கதவை நான் சாத்திவிட்டேன். நீதான் சாத்த வேண்டுமாம். சரி என்று திறந்துவிட்டேன். அதுவும் ஆகாது, எல்லோரும் மறுபடி வெளியே போக வேண்டும், செருப்பைப் போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, முதலிலிருந்து வர வேண்டும். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கத்தினாய். கடைசியில் அம்மா பையோடு வெளியே போய் நின்றாள். நீ எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் உள்ளே விட்டு, இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல "பசிக்குது" என்றாய். ஆசையை அடக்குவது, கோபத்தைப் பிடித்து நிறுத்துவது எல்லாம் மூளையின் முன்பகுதி செய்கிற வேலை. அது முழுசாக வளர்ந்து முடிய 25 வயதை ஒட்டி ஆகிவிடும். மூன்று வயதில் அதனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

அப்புறம், காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது பெரியவள் போடுகிற செருப்புச் சண்டை. அது செருப்புக்காக நடக்கிற சண்டை என்று எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி 11 மணிக்குப் படுக்கிறாள், காலையில் 7 மணிக்கு எழுப்புகிறீர்கள். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை. பள்ளி ஆரம்பித்ததிலிருந்து பகலில் தூங்குவதும் இல்லை என்கிறாய். அவள் எழுந்திருக்கும்போதே அரைத் தூக்கம் பாக்கி. படுக்கிற நேரத்தைச் சில நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவந்து பார். படுக்கப் போகும் முன் போனை வாங்கி வைத்துவிடுங்கள். 2 முதல் 4 வயது வரை திரை நேரம் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஒரு நாள் சமையல் முடிகிற வரைக்கும் கூடுதலாக ஓடினால் குடி முழுகிப் போகாது, அதற்காக உங்களுக்குள் விசாரணைக் கமிஷன் வேண்டாம்.

கத்திவிட்டேன் என்று வருத்தப்பட்டிருந்தாய். 1970-களில் எட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு விளையாடிக்கொண்டிருக்கும் அம்மா, கொஞ்ச நேரம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும், ஒன்றும் பலிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அம்மா பழையபடி பேச ஆரம்பித்ததும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்ளும். சாதாரண நாளிலும் அம்மாவும் குழந்தையும் ஒத்துப்போகிற நேரத்தைவிடத் தப்புகிற நேரம்தான் அதிகம், தப்பிய பிறகு திரும்பச் சேர்வதுதான் முக்கியம் என்பது அவர் கண்டது. கத்திய பிறகு நீ போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாயா? உட்கார்ந்தாய் என்றால் அதை அத்தோடு விடு.

இதுவரை எழுதியதெல்லாம் எந்தத் தாத்தாவும் எழுதக்கூடியதுதான். நான் பேனாவை எடுத்ததே வேறொன்றுக்கு. "சொன்னால் செய்ய மாட்டேனா, அவள் வாயைத் திறந்து சொல்வதே இல்லை" என்று மருமகளைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுப் போனாய். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

சொல்வதும் ஒரு வேலைதானே. டயப்பர் எத்தனை மிச்சம் இருக்கிறது, பெரியவளுக்கு எந்தச் சட்டை சின்னதாகிவிட்டது, நாளைக்குப் பள்ளிக்கு என்ன கொண்டு போக வேண்டும், எந்தப் பொம்மை பக்கத்தில் இல்லாவிட்டால் தூக்கம் வராது, காய்ச்சல் மருந்து எப்போது காலாவதி ஆகிறது, சின்னவனுக்கு நகம் வெட்டி எத்தனை நாளாச்சு. இவ்வளவும் ஒருத்தி தலையில் நாள் முழுக்க ஓடுகிறது. அதில் ஒன்றை எடுத்து உன் கையில் கொடுத்து, முடிந்ததா என்று திரும்பக் கேட்பதும் அவள் வேலையாகவே இருந்தால், நீ செய்ததில் அவளுக்குக் குறைந்தது கொஞ்சம்தான். அவள் சொல்லாமல் இருப்பது கோபத்தால் இல்லை, சொல்கிற நேரத்தில் தானே முடித்துவிடலாம் என்கிற அலுப்பால். இரண்டு பேரும் பொறுமையை எல்லாம் குழந்தைகளிடமே செலவழித்துவிட்டு, ராத்திரி ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிந்து விழுகிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. படுக்கை நனைவது தானாக நின்றுவிடும்.

அதனால் ஒரு துறையை முழுசாக எடுத்துக்கொள். உடம்பு, மருந்து, தடுப்பூசி, மருத்துவர் என்று அவ்வளவும் உன்னுடையது என்று சொல்லிவிடு. சின்ன வேலை என்று நினைக்காதே. பள்ளிக்குப் போக ஆரம்பித்த குழந்தைக்கு வருஷத்தில் 6, 8 தடவை சளி பிடிப்பது சகஜம், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பிக்கும் கொடுப்பாள். காய்ச்சல் மருந்தை எடைக்குத் தக்கபடிதான் கொடுக்க வேண்டும். உன் பிள்ளைகள் இரண்டு பேரும் இன்றைக்கு எத்தனை கிலோ? யாரையும் கேட்காமல் சொல்ல முடிகிறதா பார்.

ஆரம்பத்தில் நீ செய்வது அவளுக்குத் திருப்தியாக இருக்காது. எடுத்துத் திரும்பச் செய்வாள். அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விலகிவிடாதே. மருமகளிடம் நான் இப்படி எழுதினேன் என்று காட்டவும் வேண்டாம், அப்பா சொல்லித்தான் செய்கிறான் என்று ஆகிவிடும்.

மாதக் கடைசியில் நாங்கள் வருகிறோம். எங்களுக்காகப் பெரியவள் படுக்கிற இடத்தை மாற்றிவிடாதீர்கள், கூடத்திலேயே படுத்துக்கொள்கிறோம். காலையில் அவளைக் கிளப்புகிற வேலை என்னுடையது, செருப்புச் சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவிடம் சின்னவனைக் கொடுத்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் ஒரு நாள் எங்காவது போய்விட்டு வாருங்கள், இல்லை கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

சின்னவனுக்கு அடுத்த தடுப்பூசி எந்தத் தேதி? அதையொட்டித்தான் டிக்கெட் போட வேண்டும். அட்டையை எடுத்து நீயே பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா