அப்பாவின் எஞ்சின் எங்கே? வேலைச்சீட்டு 2217 குறித்த புகார்

டர்பன்,
2025 ஆகஸ்ட் 11

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
கார் மாற்றியமைப்புப் பட்டறை, டர்பன்.

பொருள்: 1969 மாடல் எம்ஜிபி ஜிடி காரில் டர்போ எஞ்சின் பொருத்தியதில் உள்ள குறைகள், கழற்றிய எஞ்சினைத் திருப்பித் தராதது.

ஐயா,

இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டுக்கும் எழுத்துப் பிசகாமல் ஒரே பதில் வந்தது: தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது, விரைவில் தொடர்புகொள்வோம். கோயில் திருவிழா மலரில் உங்கள் நிறுவனம் முழுப்பக்கத்துக்குத் தமிழில் விளம்பரம் கொடுத்திருக்கிறது. "சொன்ன சொல் தவற மாட்டோம்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் தமிழிலேயே கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

பழைய வண்டியில் புது எஞ்சின் வைப்பதே பாவம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. நம் தென்னாப்பிரிக்காவில் அது நேற்று வந்த பழக்கமும் அல்ல. 1970களின் தொடக்கத்தில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் பசில் கிரீன் என்பவர் ஃபோர்ட் கேப்ரி காரில் 5 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினை இறக்கி "பெரானா" என்று விற்றார். ஃபோர்ட் விற்பனையாளர்களிடமே அதை வாங்க முடிந்தது. ஒழுங்காகச் செய்தால் பெயர் நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

எனக்கு டர்போ வேண்டியிருந்ததற்கும் காரணம் உண்டு. என் மகள் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறாள். டர்பனில் கடல் மட்டத்தில் சுருதி சேர்த்த இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்கள், காற்றோடு பெட்ரோலைக் கலந்து தருபவை, வழியில் மலை ஏறி வான் ரீனன் கணவாயைத் தாண்டியதும் தடுமாறும். மேலே காற்று மெலிந்துவிடும், பெட்ரோல் மட்டும் அதே அளவில் இறங்கும். சைலன்சரில் கரும்புகை வரும், நான்காவது கியரில் ஏறாது. ஜோகன்னஸ்பர்க்கின் 1,750 மீட்டர் உயரத்தில் 95 குதிரைத்திறன் எஞ்சினிடம் என்ன மிச்சமிருக்கும்? மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுவதுதான் டர்போவின் வேலை. அதனால்தான் ஆடி ஏ4 காரில் வரும் 20 வால்வு 1.8 டர்போவை நீங்கள் சொன்னபோது ஒப்புக்கொண்டேன். பழைய எஞ்சின் 1798 சி.சி., புதியது 1781 சி.சி. 17 சி.சி. குறைவு, ஆனால் 150 குதிரைத்திறன். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

2024 பிப்ரவரியில் வண்டியை விட்டேன். பத்து வாரம் என்றீர்கள். 2025 மே கடைசியில்தான் சாவி கைக்கு வந்தது. மழை, மின்வெட்டு, எஞ்சினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் அடாப்டர் தட்டு சரியாக அமையவில்லை, வேலையாள் ஊருக்குப் போய்விட்டார் என்று நீங்கள் சொன்ன காரணங்களையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். இந்தக் கடிதம் தாமதத்தைப் பற்றியது அல்ல.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் தாங்கிகளில் உங்கள் வெல்டர் போட்டிருக்கும் பற்றவைப்பு முதல் தரம். கையில் வித்தை உள்ளவர், அவருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். முதல் மூன்று வாரம் நான் சந்தோஷமாகத்தான் ஓட்டினேன். நிமிடத்துக்கு 1,800 சுற்றிலேயே வண்டி முன்னால் பாயும்போது அறுபத்திரண்டு வயதிலும் சிரிப்பு வந்தது.

ஜூலை பள்ளி விடுமுறையில் மனைவியுடன் ஜோகன்னஸ்பர்க் புறப்பட்டேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் பெட்ரோல் வாடை வந்தது. முன்னால் போகும் லாரி என்று நினைத்தேன். "லாரி இல்லை, நம் வண்டிதான், நிறுத்துங்கள்" என்றாள் மனைவி. ஓரம் கட்டி பானட்டைத் தூக்கினேன். ரப்பர் குழாயின் முனையில், திருகு வைத்த சாதாரண தகரக் கிளிப்புக்குக் கீழே, பெட்ரோல் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டிருந்தது. ஒரு முத்து கனத்தது, நீண்டது, விழுந்தது. உடனே அடுத்தது திரண்டது. அதற்கு நான்கு விரற்கடை தள்ளி, ஏற்றம் ஏறிய சூட்டில், டர்போவின் இரும்புக்கூடு. மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தடுப்புக்கம்பிக்கு அப்பால் போய் நின்றேன். கூட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

மீட்பு லாரியில் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆற அமரப் பார்த்தேன். அந்தக் குழாய் கார்புரேட்டர் காலத்துக் குழாய். பழைய எஸ்யூ பம்ப் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) அழுத்தத்தில்தான் தள்ளும், அதற்கு அது போதும். புது எஞ்சினில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷனுக்கு 40 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டும். அழுத்தம் பத்து மடங்குக்கு மேல் கூடிய பிறகும் பழைய குழாயையே மாட்டியிருக்கிறீர்கள். விலைப்பட்டியலிலோ "உயர் அழுத்த எரிபொருள் குழாய், முழுத் தொகுதி" என்று 6,800 ரான்ட் போட்டிருக்கிறது. இன்னொன்றையும் கேட்கிறேன். இந்த எஞ்சினில் இன்ஜெக்டர்கள் ஒரு பக்கம், டர்போ மறுபக்கம். பெட்ரோல் குழாயை டர்போ பக்கமாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டிய அவசியம் என்ன?

சந்தேகம் வந்த பிறகு மற்றவற்றையும் பார்க்கத்தானே தோன்றும்? முன்சக்கரங்களைக் கழற்றினேன். காற்றோட்டத் துளை வைத்த புது பிரேக் தட்டுகளுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். உள்ளே இருந்தவை என் பழைய கெட்டித் தட்டுகள், ஓரத்தில் துருவோடு. இந்த பிரேக்கை நம்பி ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் இரண்டு முறை இறங்கியிருக்கிறேன். 2013 செப்டம்பரில் ஒரு லாரி 24 உயிர்களைக் கொண்டுபோன இறக்கம் அது. டர்பன்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது டைனோ தாள், அதாவது வண்டியை உருளைகள்மேல் ஓட்டி அதன் திறனை அளந்த தாள். சாவியோடு ஒரு வரைபடம் கொடுத்தீர்கள், சக்கரத்தில் 118 கிலோவாட் என்று. சட்டம் போட்டு மாட்டலாமா என்றுகூட யோசித்தேன். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்தேன். சோதனையின்போது காற்றழுத்தம் 83 கிலோபாஸ்கல் என்றிருக்கிறது. டர்பனில் காற்றழுத்தம் ஏறக்குறைய 101. புயலே அடித்தாலும் இங்கே 83-க்கு இறங்காது. அது ஜோகன்னஸ்பர்க் காற்று. தேதி 2024 நவம்பர் 14. அன்று என் வண்டி உங்கள் பெயின்ட் அறையில் எஞ்சின் இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. படத்தை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியதே உங்கள் பையன்தான். யாருடைய வண்டியின் தாளை என்னிடம் கொடுத்தீர்கள்? என் வண்டியை டைனோவில் ஏற்றினீர்களா, இல்லையா? ஏற்றவில்லை என்றால் பெட்ரோலும் காற்றும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்று யாரும் அளக்கவில்லை. பெட்ரோல் குறைந்த கலவையில் டர்போ அழுத்தம் ஏறினால் பிஸ்டன் உருகிவிடும் என்பது பட்டறை வைத்திருப்பவருக்குத் தெரியாததா?

பணக் கணக்கு சுருக்கமாக. மதிப்பீடு 1,85,000 ரான்ட். வாங்கியது 2,41,600 ரான்ட். தொலைபேசியில் நான் சரி சொன்னது பெரிய ரேடியேட்டருக்கு, 9,400 ரான்ட், அவ்வளவுதான். மீதி 47,200 ரான்டுக்கு என் சம்மதம் எங்கே? சாவி வேண்டுமே என்ற அவசரத்தில் நானும் கட்டிவிட்டேன், அது என் முட்டாள்தனம். ஆனால் 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஒப்புதல் இல்லாமல் மதிப்பீட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது.

இனி, என்னைத் தூங்கவிடாத விஷயம்.

வண்டியை விட்ட அன்றே வேலைச்சீட்டில் என் கைப்பட எழுதினேன்: "பழைய எஞ்சினும் கார்புரேட்டர்களும் எனக்குத் திரும்ப வேண்டும்." நகல் என்னிடம் இருக்கிறது. மே மாதம் கேட்டபோது கிடங்கில் இருக்கிறது என்றீர்கள். ஜூனில், அடுத்த வாரம் அனுப்புகிறோம் என்றீர்கள். ஜூலையில் நேரில் வந்தேன். முன்மேசையில் இருந்த இளைஞர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தப் பழைய இரும்பா ஐயா? அது போய்விட்டதே."

எங்கே போயிற்று, யார் அனுப்பியது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அது என்ன இரும்பு என்று உங்களுக்காவது தெரிய வேண்டும்.

அப்பா மொபேனியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். 1979-இல் ஒரு மருத்துவரிடமிருந்து அந்தக் காரைப் பழையதாக வாங்கினார். எங்கள் சாட்ஸ்வொர்த் தெருவில் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை. 1986-இல் எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கியது. வீட்டு வாசலில், மாமரத்துக் கிளையில் சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கினார். நான் டார்ச் பிடித்தேன். கை நடுங்கி வெளிச்சம் விலகினால் ஸ்பேனரால் என் முட்டியில் ஒரு தட்டு. வேலை முடிந்து, எஞ்சினின் பக்கவாட்டில் வரும் டாப்பெட் மூடிகளை மாட்டும் முன், ஒரு மூடியின் உள்பக்கத்தில் உளியால் "86" என்று கொத்தினார். 8 கொஞ்சம் சாய்ந்திருக்கும். வெளியே தெரியாத இடத்தில் ஏன் என்றேன். "தெரிய வேண்டியவனுக்குத் தெரியும்" என்றார். அவர் போய் பதினோரு வருடம் ஆகிறது. கராஜில் ஒரு தாங்கி மேல் அந்த எஞ்சினை நிறுத்திவைக்க இடம் ஒழித்து வைத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வருபவர்கள் டர்போ வேண்டாம் என்றால் பழையதையே திரும்பப் பொருத்தலாமே என்ற எண்ணமும் உண்டு.

உணர்ச்சி உங்களுக்கு வேண்டாம் என்றால் சட்டத்தையே பாருங்கள். அதே சட்டத்தின் 67-ஆம் பிரிவு, கழற்றிய பாகங்களை மற்றவர் பொருளோடு கலக்காமல் தனியே வைத்திருந்து, சுத்தமான கொள்கலத்தில் வாடிக்கையாளரிடம் திருப்பித் தர வேண்டும் என்கிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும் என்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன். தவிர, பதிவுச் சான்றிதழில் இன்றும் இருப்பது அந்தப் பழைய எஞ்சினின் எண்தான். புது எண்ணைப் பதிய போலீஸ் அனுமதி வேண்டும், அதற்குப் புது எஞ்சின் எங்கே வாங்கியது என்ற ரசீது வேண்டும். அதையும் நீங்கள் தரவில்லை. நாளை விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் நான் என்ன சொல்வேன்?

எனவே, நான் கேட்பவை இவை. எரிபொருள் குழாயும் பிரேக்கும் நான் சொல்லும் வேறொரு பட்டறையில், உங்கள் செலவில் சரிசெய்யப்பட வேண்டும். என் வண்டியை நீங்கள் மறுபடி தொட வேண்டாம். டைனோ சோதனையும் அங்கேயே, என் கண் முன்னால் நடக்கட்டும். 47,200 ரான்ட் திரும்ப வேண்டும். டர்போ எஞ்சின் வாங்கிய ரசீது வேண்டும். இவற்றுக்குப் பதினைந்து வேலை நாள் தருகிறேன். அதற்குள் பதில் வராவிட்டால், படங்கள், வேலைச்சீட்டு, டைனோ தாள் எல்லாவற்றையும் மோட்டார் தொழில் குறித்த புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனுக்கு அனுப்புவேன். கோப்பு தயாராக இருக்கிறது.

எஞ்சினுக்கு மட்டும் பதினைந்து நாள் கிடையாது. அது யாரிடம் போனது, எந்தத் தேதியில், எவ்வளவுக்கு என்பதை இந்த வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தாருங்கள். அதற்குப் பதிலாக வேறு ஓர் எம்ஜிபி எஞ்சினைக் காட்டிச் சமாளிக்க வேண்டாம், டாப்பெட் மூடியைக் கழற்றிப் பார்ப்பேன். பழைய இரும்புக் கடையில் கிடந்தாலும் பரவாயில்லை, முகவரியைக் கொடுங்கள். தம்பி மகன் தன் பக்கியோடு, அந்தப் பிக்கப் வண்டியோடு, தயாராக இருக்கிறான். நாங்களே போய்த் தூக்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேலைச்சீட்டு 2217-இன் வாடிக்கையாளர்,
சாட்ஸ்வொர்த்